ஒன்பதில் ஒன்று

நான்கு தகரப் பேணிகள் விழுந்துவிட்டன. ஐந்தாவது, தேங்காய்ப்பால் வந்த பேணி. நானே கழுவிக் காயவைத்துக் கொண்டுபோனது. அதன் நடு வயிற்றைப் பார்த்து விசையை இழுத்தேன்.

டிக்.

வெடி இல்லை. புகை இல்லை. கையில் உதைப்பு இல்லை. காட்டுக்குள்ளிருந்து பனிப்புகார் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. காதுக் கவசத்துக்குள் என் மூச்சு வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"வென்ட்," என்றாள் எனக்குப் பின்னால் நின்ற தூரிட். நோர்வேஜிய மொழியில் பொறு என்று அர்த்தம்.

சுடுதளத்தின் விதி அது. வெடிக்காத துப்பாக்கி ரவையைச் செத்த ரவை என்று நினைக்கக் கூடாது. உள்ளே நெருப்பு மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கலாம். துவக்கை இறக்கக் கூடாது, திருப்பக் கூடாது, திறந்து பார்க்கக் கூடாது. முன்னே நீட்டியபடி அரை நிமிடம் நிற்க வேண்டும். தூரிட் முப்பதுவரை எண்ணுவாள். பிறகு, "முடிந்தது, திறக்கலாம்" என்பாள். அவள் சொல்லும்வரை நீங்கள் அந்தப் பேணியைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். பேணியும் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

இந்தத் துவக்குக் கதையை இத்தனை வாரங்களும் இந்தப் பத்தியில் எழுதாமல் நான் தள்ளிப்போட்டு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. இது பாதிதான் என்னுடைய கதை. மற்றப் பாதி என் கணவருடையது. போன கிழமைதான் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதும், ஆனால் குறைச்சு எழுதும்" என்றார்.

குறைத்தே எழுதுகிறேன்.

பேணி ஞாயிறு

இரண்டாயிரங்களின் நடுவில் எப்போதோ. வெஸ்ட்லியில், சுரங்க ரயில் இனிப் போக இடமில்லை என்று நிற்கும் இடத்தில், பதினோராம் மாடியில் இருந்தோம். கடிதம் பிரிக்கும் நிலையத்தில் எனக்கு வேலை. இவருக்குப் பஸ் ஓட்டுவது. மகள் துரொண்ட்ஹெய்மில் படித்துக்கொண்டிருந்தாள்.

தூரிட் என் பக்கத்து மேசை. கடிதங்களை நான் பெட்டிகளுக்குள் எறிவதைப் பார்த்து, உனக்குக் கண்ணும் கையும் ஒன்றாக வேலை செய்கின்றன, எங்கள் கழகத்துக்கு வா என்று ஒருநாள் கூப்பிட்டாள். என்ன கழகம் என்று கேட்காமலே தலையாட்டினேன். அந்த நாட்களில் நான் எதற்கும் தலையாட்டுவேன். கவிதை எழுதி, கிழித்து, நீந்தப் பழகி, விட்டு, செலோ வாசிக்கப் பழகி, அதையும் விட்டிருந்த காலம்.

லோறென்ஸ்கூக்குக்கு அப்பால் காட்டுக்குள் ஒரு சுடுதளம். இங்கே கைத்துவக்கை நினைத்த இடத்தில் சுட முடியாது. கழகத்தில் சேர்ந்து, மாதக்கணக்கில் ஒழுங்காகப் போய்வந்து, பொலிசின் அனுமதிக் கடிதம் கிடைத்த பிறகுதான் சொந்தமாக ஒன்று வாங்கலாம். அதையும் சுடுதளத்தில் மட்டும்தான் சுடலாம். மற்ற நாட்களில் கடதாசி இலக்குகள். முகத்தைச் சுளித்துக்கொண்டு புள்ளி எடுப்பார்கள். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் கடதாசியை மடித்து வைத்துவிட்டு, ஒரு பலகையில் வெற்றுப் பேணிகளை வரிசையாக அடுக்கிச் சும்மா சுடுவோம். தோற்றவர் வாஃபல் சுட வேண்டும்.

மற்றவர்கள் தக்காளிச் சாறில் ஊறிய மீன் வரும் தட்டைப் பேணிகளைக் கொண்டுவருவார்கள். அவை சத்தமில்லாமல் சரிந்து விழும். என் தேங்காய்ப்பால் பேணிகளோ துள்ளிக் குட்டிக்கரணம் போடும். அங்கே என் சமையலறைக் குப்பைக்குத் தனி மதிப்பு இருந்தது.

எனக்கு ஏன் அது பிடித்தது என்று கேட்டால், ஊரில், யுத்த நாட்களில், வெடிச் சத்தம் கேட்டால் குப்புறப் படுப்போம். பிறகு யார் வீட்டுப் பக்கம் என்று காது கொடுப்போம். பிறகு அழுகுரல் வரும். இங்கே வெடிச் சத்தம் கேட்டால் ஒரு பேணி விழும். அதற்குப் பிறகு ஒன்றும் வராது. அந்த ஒன்றும் வராமை எனக்கு வேண்டியிருந்தது.

மகள் தொலைபேசியில் சிரித்தாள். "அம்மா, இது உங்கடை மிட்லீவ்ஸ்க்ரீசே. மற்ற அம்மாமாருக்கு நடுவயசுக் குழப்பம் வந்தால் யோகா செய்யினம்."

இவர் சிரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. "எங்கடை ஆக்களுக்கு மூச்சு விடாதேயும். வெஸ்ட்லியிலை மனிசியை வைச்சு இயக்கம் துடங்கிட்டான் எண்டு கதை கட்டுவினம்" என்று மட்டும் சொன்னார்.

கெர்டின் வீடு

கழகத்து அறிவிப்புப் பலகையில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. பழைய சுழல்துவக்கு விற்பனைக்கு, சின்ன ரவை, ஒன்பது அறை, காலமான கணவருடையது. லோறென்ஸ்கூக்கில் ஒரு மஞ்சள் மரவீடு.

வீட்டுக்கார அம்மா கெர்டுக்கு எழுபது தாண்டியிருக்கும். பிஸ்கற் பெட்டிக்குள், ஒரு கம்பளிக் காலுறைக்குள் சுருட்டி வைத்திருந்தார். அமெரிக்காவில் செய்தது, என் வயதுக்கும் மூத்தது. நீலக் கறுப்பு உடம்பு. மரப்பிடி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து தேன் நிறமாகியிருந்தது. ரவை போடும் உருளையை வெளியே தள்ளிப் பார்த்தேன். ஒன்பது ஓட்டைகளிலும் யன்னல் வெளிச்சம்.

கையில் எடுத்தபோது கூசியது. அது குளிராக இருக்கவில்லை. யாரோ இப்போதுதான் வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

அனுமதிக் கடிதம் வந்து, எடுக்கப் போன அன்று, எந்த நாளில் சுடுவாய் என்று கெர்ட் கேட்டார். ஞாயிறு என்றேன்.

"ஞாயிறு நல்லது," என்றார். "அது ஞாயிறுக்குப் பழகியது."

கிழட்டுப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். பூட்டிய பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டியை அரிசி வாங்கிய பைக்குள் வைத்து, ரயிலில் மடியில் ஏந்தியபடி வீட்டுக்கு வந்தேன். எதிரே இருந்த பெண் பையில் இருந்த யானைப் படத்தைப் பார்த்து என்ன அரிசி, நல்லதா என்று கேட்டாள். நல்லது என்றேன்.

குங்குமம்

அந்தக் கிழமை விஜயதசமி. புதிதாக ஒன்று வீட்டுக்கு வந்தால் சாமிக்குக் காட்டாமல் பாவிக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. கார் வாங்கினால் சக்கரத்தின் கீழ் தேசிக்காய். சோறு அவிக்கும் மின்பானைக்குக்கூடப் பொட்டு வைத்தவள் நான்.

காலையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் என் கவிதைக் கொப்பிகள், தையல் கத்தரிக்கோல், இவருடைய பஸ் கையுறைகள். அவற்றுக்கு நடுவில் வெள்ளைத் துணி விரித்து அதையும் கிடத்தினேன். குழலின் நுனியில் ஒரு சந்தனப் பொட்டு, உருளையில் ஒன்று. மேலே குங்குமம்.

இவர் அறை வாசலில் நின்றார். ஒரு கை கதவின் கைபிடியில்.

"வெறும்தானே?"

"ஓம்."

"ஒருக்கால் திறந்து காட்டும்."

உருளையைத் தள்ளிக் காட்டினேன். வாய்க்குள் எண்ணினார். ஒன்பது வரை. பிறகு கற்பூரம் கொளுத்தும்வரை நிற்காமல் வேலைக்குப் போய்விட்டார். நான் அதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

ஆகவே, அதைக் கொண்டுபோன முதல் பேணி ஞாயிறில் அது டிக் என்றபோது, அந்த அரை நிமிடம் முழுக்க எனக்கு ஒரே நினைப்பு. குங்குமம் உள்ளே போய்விட்டது.

முப்பது எண்ணித் திறந்தோம். ரவையின் விளிம்பில் நகம் பட்டது போன்ற ஒரு மெல்லிய கீறல் மட்டும். அடுத்த சுற்றில் இரண்டாவது இழுப்பிலேயே டிக். அதற்கடுத்த சுற்றில் எட்டாவது. ஒன்பதில் ஒன்று. எது என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் தோள் வெடிக்குத் தயாராகவும், வயிறு டிக்குக்குத் தயாராகவும் இருந்தது.

வீட்டில் பஞ்சு சுற்றிய குச்சியால் துடைத்தேன். சிவப்பாக வந்தது. மறுபடி துடைத்தேன். மறுபடி சிவப்பு. ஒரு கிள்ளுக் குங்குமத்தில் இவ்வளவு சிவப்பா? ஒருவழியாகப் பஞ்சு வெள்ளையாக வரத் தொடங்கியது. அடுத்த ஞாயிறும் டிக்.

வெடிக்காத அறையின் பக்கத்தில் நகச்சாயத்தால் ஒரு புள்ளி வைத்தேன். எப்போதும் அதே அறைதான்.

கடைசியில் தூரிட்டிடம் பூசைக் கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது அவளுக்கு. துவக்குக்குப் பவுடர் போட்டவளை இப்போதுதான் பார்க்கிறாளாம். சிரிப்போடே சின்ன விளக்கை எடுத்து அந்த அறையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

யாரோ எண்ணியிருக்கிறார்கள்

அவள் விளங்கப்படுத்தியது இதுதான். இந்தச் சின்ன ரவையைத் துவக்கின் சுத்தியல் அடிப்பது விளிம்பில். உள்ளே ரவை இல்லாவிட்டால் அடி அறையின் இரும்பு விளிம்பிலேயே விழும். ஒருமுறை விழுந்தால் ஒன்றுமில்லை. நூற்றுக்கணக்கில் விழுந்தால் அந்த இடம் குழியும். பிறகு உண்மையான ரவையைப் போட்டாலும் அதன் விளிம்பு குழிக்குள் அமிழும், அடி பிடிக்காது.

"ஒவ்வொரு இழுப்புக்கும் உருளை தானாகச் சுழலும்," என்றாள் தூரிட். "சும்மா விளையாடியிருந்தால் ஒன்பதும் குழிந்திருக்கும். இது ஒன்று மட்டும். ஒவ்வொரு முறையும் கையால் திருப்பி அதே அறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்."

விளக்கை அணைத்துவிட்டு, "யாரோ எண்ணியிருக்கிறார்கள்" என்றாள். துவக்கை என் கையில் வைத்துவிட்டுத் தன் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த சனி நான் கெர்டின் வீட்டு வாசலில் நின்றேன்.

கோப்பி ஊற்றித் தந்தார். நான் கேட்டதற்கு அவர் திடுக்கிடவில்லை. மழை பெய்ததா என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில், வானொலியில் தேவாலய ஆராதனை முடிந்ததும், கணவர் நிலவறைக்கு இறங்கிப் போவார். கெர்ட் சமையலறையில் நிற்பார். கொஞ்ச நேரத்தில் தரைப் பலகைக்குக் கீழே ஒரு டிக் கேட்கும். ஒன்றே ஒன்று. அது கேட்டதும் கெர்ட் கோப்பிக்குத் தண்ணீர் வைப்பார். தண்ணீர் கொதிக்கும்போது கணவர் மேலே ஏறி வந்திருப்பார். கலியாணம் கட்டிய வருடத்திலிருந்து அப்படித்தான். கடைசியில் அவர் இறந்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில், இருதயம் களைத்து.

மற்ற எட்டு அறைகளிலும் ரவை இருந்ததா என்று கேட்டேன்.

கெர்ட் மேசை விரிப்பின் மடிப்பை விரலால் நீவினார்.

"நான் கேட்கவில்லை," என்றார். "எனக்குக் கோப்பி வேலை இருந்தது."

வெளிக்கிடும்போது வாசல்வரை வந்தவர், இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போது கோப்பி வைப்பதென்றே தெரியவில்லை என்று சொன்னார். அவருக்குப் பின்னால் நிலவறைக் கதவு ஒரு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது.

சத்தம் போடாத மனிதர்

பஸ்ஸில் திரும்பி வரும்போது, கண்ணாடியில் காடு ஓட ஓட, எனக்கு என் வீட்டுக் கதவு ஞாபகம் வந்தது.

இவர் கதவைச் சத்தம் போட்டுச் சாத்தி நான் கேட்டதில்லை. கைபிடியைக் கடைசிவரை அழுத்திப் பிடித்து, மெல்லச் சேர்த்து, பிறகு மூச்சு விடுவதுபோல விடுவார். கலியாணமான புதிதில் என் அம்மாவுக்கு எழுதினேன்: நல்ல மனுசன், கதவுக்குக்கூட நோகக் கூடாது என்று நினைக்கிறார்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. பொத்தான் அமுக்கும் பேனை இவர் பையில் இருந்ததில்லை. மூடி வைத்த பேனைதான். விளக்குகளை அணைக்க மாட்டார். சோம்பல் என்று இருபது வருடம் ஏசியிருக்கிறேன். சாமி விளக்குக்குத் தீப்பெட்டிதான், லைற்றர் தொட மாட்டார். காரில் ஆசனப்பட்டியை மாட்டும்போது உள்ளங்கையால் பொத்திக்கொள்வார். பஸ் ஓடப் போனதும் அதனால்தானோ? பஸ் கதவு டிக் என்னாது. உஸ் என்னும்.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. கலியாணப் பேச்சின்போது, சீதனப் பேச்சோடு பேச்சாக, மாமி என் அம்மாவிடம் சொல்லியிருந்தார்: பொடியனை ஒருநாள் பின்னேரம் கூட்டிக்கொண்டு போனவங்கள், அடுத்த நாள் விடியத் திரும்பி வந்துட்டான், அதைப் பற்றிப் பிள்ளை ஒண்டும் கேட்கக் குடாது. அம்மா சம்மதித்தார். நானும் சம்மதித்தேன். எங்கள் கலியாணத்தின் நிபந்தனைகளில் அதுவும் ஒன்று. மற்ற எல்லா நிபந்தனைகளையும் மறந்துவிட்டோம். அதை மட்டும் காப்பாற்றினேன்.

கெர்டுக்குக் கோப்பி. எனக்கு என்ன வேலை இருந்தது?

அன்று சோறு போடும்போது நிலவறைக் கதையைச் சொன்னேன். இவர் பிசைந்த கையை எடுக்கவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, "எட்டிலையும் ரவை இருந்து ஒண்டு வெறுமையோ, இல்லாட்டி எல்லாம் வெறுமையோ?" என்றார்.

"அந்த மனிசி கேட்கேல்லையாம்."

"ம்."

"நானும் உங்களிட்டை ஒண்டும் கேட்கேல்லை."

தண்ணீரைக் குடித்து, குவளையைச் சத்தமில்லாமல் வைத்தார். "ஞாயிறு நானும் வாறன்," என்றார்.

அரை நிமிடம்

கழகத்தில் விருந்தாளிகள் சுடலாம். பொறுப்பானவர் பக்கத்தில் நிற்க வேண்டும். தூரிட் பின்னால் நின்றாள். நான் அவருக்கு வலப் பக்கம். வேறு யாரும் வந்திருக்கவில்லை. அன்றும் பனிப்புகார். பலகையில் என் தேங்காய்ப்பால் பேணிகள் ஒன்பது. தூரத்தில் அவை ஆட்கள் முழங்காலில் இருப்பதுபோலத் தெரிந்தன; எனக்கு மட்டும்தான் அப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"எது எண்டு எனக்குத் தெரியக் குடாது," என்றார். "நீர் சுத்திப்போட்டுத் தாரும்."

ஒன்பது ரவைகளையும் போட்டு, சிவப்புப் புள்ளியைப் பார்க்காமல் உருளையைச் சுழற்றி, மூடிக் கொடுத்தேன். அவருடைய கைக்குத் துவக்குப் பிடிக்கத் தெரியவில்லை. தூரிட்தான் விரல்களைப் பிரித்து வைத்தாள். அதைக் கண்டதும் நான் ஏன் அவ்வளவு நிம்மதியடைந்தேன் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை.

முதலாவது வெடித்தது. இரண்டாவது. ஒரு பேணியும் விழவில்லை. மூன்றாவது. நான்காவது. காகம் ஒன்று எழும்பிப் போனது. ஐந்தாவது. ஆறாவது.

டிக்.

"வென்ட்," என்றாள் தூரிட். எண்ணத் தொடங்கினாள், நோர்வேஜிய மொழியில், மெதுவாக.

இவர் அசையவில்லை. கை நீட்டியபடியே இருந்தது. பேணியைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னார்.

"அவங்களும் இதைத்தான் சொன்னவங்கள்."

"எதை?"

"பொறு எண்டு. எனக்கு இல்லை. எனக்குப் பின்னாலை ஒருத்தன் மற்றவனுக்குச் சொன்னவன். 'பொறு, வெடிக்கேல்லை' எண்டு."

தூரிட் ஒன்பது என்றாள். பத்து என்றாள்.

"எங்கை?"

"வாசிகசாலைக்குப் பின்னாலை. நான் முழங்காலிலை. முன்னாலை மதிலிலை ஒரு ஓணான். வெடிச்சிருந்தால் ஓடியிருக்கும். அது ஓடேல்லை. என்னையே பாத்துக்கொண்டு நிண்டது."

பதினாறு. பதினேழு.

"பிறகு?"

"பிறகு ஒரு சத்தமும் இல்லை. பின்னாலை நிக்கிறாங்களோ, போயிட்டாங்களோ தெரியாது. திரும்பினால் சுடுவாங்கள். நான் பொறுத்துக்கொண்டே இருந்தன். ஓணான் போயிட்டுது. இருட்டிச்சுது. விடிஞ்சுது. விடிஞ்சாப் பிறகுதான் திரும்பிப் பாத்தன். ஒருத்தரும் இல்லை."

இருபத்தைந்து.

"எழும்பலாம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையப்பா," என்றார்.

இருபத்தொன்பது. முப்பது.

தூரிட்டுக்குத் தமிழ் தெரியாது. அவள் எப்போதும் சொல்வதைத்தான் சொன்னாள், எல்லாருக்கும் சொல்வதை, அதே குரலில்.

"முடிந்தது. திறக்கலாம்."

இவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். திருப்பிச் சொல்லு என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் திருப்பிச் சொன்னாள்.

உருளையைத் தள்ளித் திறந்தார். வெடிக்காத ரவையை உள்ளங்கையில் வைத்து, விளிம்பில் இருந்த கீறலைப் பெருவிரலால் தடவினார். அதைக் கழகத்து மணல்வாளிக்குள் போட வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. போட்டார். மணல் அதை உடனே மூடவில்லை.

அதற்குப் பிறகு

அந்த அறையை யாரிடமாவது கொடுத்துத் திருத்திவிடலாம், சின்ன வேலை என்று தூரிட் சொன்னாள். நான் கொடுக்கவில்லை. அதில் ரவை போடுவதும் இல்லை. எட்டுப் போட்டு எட்டுச் சுடுகிறேன். எத்தனை என்று கவனமாக எண்ணுகிறேன். எண்ணும்போது சில வேளை, வேறு ஒருவரும் கூடவே எண்ணுவது போலிருக்கும்.

அன்று சுடுதளத்திலிருந்து வந்து, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, சமையலறையில் வெற்றுப் பேணிப் பையை மடித்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் நான்கு மணிக்கே வெளியே வெளிச்சம் போய்விட்டிருந்தது. இவர் மாற்றுடுப்பு எடுக்க அறைக்குள் போனார். கதவைச் சாத்தினார்.

டிக்.

இருபது வருடத்தில் இவர் சாத்தும் கதவின் குரலை அன்றுதான் கேட்டேன். சின்னச் சத்தம். மற்ற வீட்டுக் கதவுகள் எல்லாம் போடுகிற சத்தம். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவரும் நின்றிருப்பார். பிறகு அலுமாரி திறக்கும் சத்தம், சட்டை உதறும் சத்தம்.

நான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன்.

அடுப்பைப் போட்டு, கேத்திலின் மூடியைச் சரிசெய்து, கையைத் துடைக்கும்போதுதான் என் கை என்ன செய்திருக்கிறது என்று தெரிந்தது.